கை வைக்காத பிரதி

பிப்ரவரி 12

அன்புள்ள சில்வண்டுக்கு,

வரிசை போடாமல் எழுதினால் நான் குழம்பிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது:

1. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.
2. பள்ளியில் நடந்ததை உன் அம்மா சொல்லிவிட்டாள்.
3. அந்தப் படத்தில் நடந்தது வெளிச்சத்தின் தவறு. மனிதர்களின் தவறு அல்ல.
4. உறையில் இருக்கும் பரிசு.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனை உன் கையில் கொடுத்தால் "ம்" என்கிறாய். அடுத்த ஞாயிறும் "ம்". எனக்குக் காது மந்தம், அதனால் அந்த "ம்" கூடச் சில சமயம் விழுவதில்லை. வாய் ஓயாத குழந்தை என்பதால்தான் உனக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தேன். வருத்தமில்லை. (இருக்கிறது, ஆனால் உன் மேல் இல்லை.)

இரண்டாவது. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். வகுப்புப் படத்தைப் பள்ளி நடைச் சுவரில் மாட்டினார்கள் என்றும், அதில் மற்ற முகங்களெல்லாம் பளிச்சென்று விழ, உன் முகம் மட்டும் இருட்டோடு இருட்டாகப் போய்ப் பல் மட்டும் தெரிந்தது என்றும் சொன்னாள். ஒரு பையன் வெள்ளை மையால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி வைத்தானாம். அது எல்லோருடைய போனிலும் சுற்றியதாம். அந்த நாட்டுப் பாஷையில் உனக்கு வைத்த பேரை நம் பாஷையில் சொன்னால் "கரண்ட் கட்" என்று வருமாம். இப்போது நீ வகுப்பில் கை தூக்குவதில்லை, குல்லாய் வைத்த சட்டையைக் கழற்றுவதில்லை, இந்த வருடம் படம் எடுக்கும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்கிறாய்.

மூன்றாவது. ஆயுள் முழுக்க ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன். கேமராவால் ஒரு சமயத்தில் ஒரு கணக்குத்தான் போட முடியும். படம் எடுப்பவர் லைட் மீட்டரை முன்வரிசையில் ஒரு வெளுத்த முகத்துக்குப் பக்கத்தில் நீட்டி வெளிச்சத்தை அளந்திருப்பார். நீ நின்றது பின்வரிசை ஓரம், கூரையின் நிழல். கணக்கு அவர்களுக்குச் சரியாக வந்தது, உனக்கு வரவில்லை. இதில் ஒருவருக்கும் உன் மேல் பகை இல்லை என்பதை நீ நம்ப வேண்டும். நம்பினால் மனம் லேசாகும் என்று நினைக்கிறேன். (நினைக்கிறேன், அவ்வளவுதான்.)

நான்காவது. அம்மா எனக்கு அனுப்பிய பிரதியை மறுபடி படமெடுத்து, அந்த நெகட்டிவில் பென்சிலால் வேலை செய்திருக்கிறேன். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்து வரும். கண்ணும் கையும் முன்போல் இல்லை, ஆனாலும் வேலை மோசமில்லை என்று எனக்குப் படுகிறது. இப்போது நீ பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குச் சமமாகத் தெரிகிறாய்.

ஐந்தாவது. இந்த வருடப் படத்துக்கு நீ நிற்க வேண்டும்.

அன்புடன்,
தாத்தா


மார்ச் 1

தாத்தா,

படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உறையைப் பிரித்ததும் "இது யாரு?" என்று கேட்டேன். "நீதாண்டி! தாத்தா கையே கைதான், எவ்ளோ லட்சணமா இருக்க பாரு" என்றாள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள்.

அந்தப் பையன் வெள்ளையால் இரண்டு புள்ளிதான் வைத்தான். நீங்கள் முகம் முழுக்க வைத்துவிட்டீர்கள். மூக்கையும் கொஞ்சம் சீவியிருக்கிறீர்கள். அவன்கூட மூக்கைத் தொடவில்லை.

பள்ளியில் என்னைச் சரியில்லை என்று சொன்னவர்கள் யாரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் இல்லை. அதனால் வீட்டுக்கு வந்தால் அது நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன்.

பதில் போட்டே ஆக வேண்டும் என்று அம்மா சொன்னாள். போட்டாயிற்று. இனிமேல் சில்வண்டு என்று கூப்பிட வேண்டாம்.


மார்ச் 15

அன்புள்ள சில்வ அன்புள்ள பேத்திக்கு,

1. மன்னிப்புக் கேட்கிறேன்.

இரண்டாவது எண் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஆகவே எண் இல்லாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஸ்டூடியோவில் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் பொத்தானைச் சரிசெய்துகொண்டே "அண்ணே, கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்பார்கள். கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்தேன். கேட்காதவர்களுக்கும் செய்தேன், கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டு. தையல்காரர் தொங்கும் நூலை யோசிக்காமல் வெட்டுவாரே, அதுபோல ஆகிவிட்டது. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று எனக்கே விளங்க வேண்டியிருப்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

நீ திருப்பி அனுப்பிய படத்தை மேஜையில் வைத்துப் பார்த்தேன். பென்சிலை எடுத்த பிறகு நான் உன்னைப் பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பார்த்து அந்த அளவுக்கு உன்னைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மூக்கைத் தொட்டது எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

நீ பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. உன்னை வற்புறுத்தக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

தாத்தா


ஏப்ரல் 6

தாத்தா,

"சில்வ" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். நன்றாகவே தெரிகிறது. உங்களை மாதிரி சுத்தமாக எழுதுகிறவர் வேறு தாள் எடுத்திருக்கலாம். எடுக்காமல் விட்டதற்காக எழுதுகிறேன்.

அம்மா என்னை ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை, புதன்கிழமை சாயந்திரம். நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் வெவ்வேறு பள்ளி. எல்லோருக்கும் நிறத்தினாலோ, முடியினாலோ, பேசும் விதத்தினாலோ ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. நடத்துகிறவரை நான் மனசுக்குள் புதன்கிழமை அக்கா என்று கூப்பிடுகிறேன். "எல்லாரையும் மன்னிச்சிடு, பெருந்தன்மையா இரு" என்று ஆரம்பிப்பார் என்று பயந்துகொண்டு போனேன். அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். நடந்ததைச் சொல்லும்போது யாராவது "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று முடித்தால், அப்படிச் சொன்னவரே எழுந்துபோய் ஜன்னலைத் திறக்க வேண்டும். வெளியே இன்னும் குளிர். முதல் வாரம் எல்லா ஜன்னலும் திறந்துவிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டே பேசினோம்.

சுருட்டை என்று ஒரு பெண் இருக்கிறாள். தெரியாதவர்களெல்லாம் அவள் முடியைத் தொட்டுப் பார்க்கிறார்களாம். "செல்லப் பிராணி மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "சிரிச்சாலும் ஜன்னல்தான்" என்றார் அக்கா. அப்புறம்தான் அவள் அழுதாள். நான் கரண்ட் கட் பற்றிச் சொன்னேன். உங்கள் படத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

இப்போது ஒரு கேள்வி. எங்கள் கூடத்தில் அம்மாவின் பதினைந்து வயதுப் படம் இருக்கிறது, உங்கள் ஸ்டூடியோவில் எடுத்தது. நான் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் அம்மா அதைக் காட்டி, "உன் வயசுல நான் எவ்ளோ நிறமா இருந்தேன் பாரு. வேலை வேலைன்னு வெயில்ல அலைஞ்சுதான் இப்படிக் கறுத்துப் போயிட்டேன். நீயும் வெயில்ல நிக்காத" என்பாள். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன்.

அந்தப் படம் நிஜமா, தாத்தா?


ஏப்ரல் 21

அன்புள்ள பேத்திக்கு,

நிஜம் இல்லை.

இதைச் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். உன் அம்மா அதை நம்பி இவ்வளவு காலம் இருந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா ஸ்டூடியோக்காரன், பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா என்று. கேட்டுப் பார்த்ததில்லை.

அதன் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கன்னம், நெற்றி, மூக்கு எல்லா இடத்திலும் என் பென்சில். பஞ்சில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். போகுமோ போகாதோ என்றிருந்தது. சுலபமாகப் போய்விட்டது.

குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சிவப்பு விளக்குப் போட்டு, ஒரு பிரதி எடுத்தேன். முகத்தின் மேல் விழும் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைத்தால் அந்த இடம் வெளுத்து வரும். அதற்காகக் கம்பி முனையில் ஒட்டிய ஓர் அட்டை வில்லை வைத்திருப்பேன். எடுத்தது தெரியாமலே அது என் கையில் இருந்தது. திடுக்கிட்டுப் போய்க் கதவைத் திறந்து வெளியே எறிந்தேன். திறந்த கதவால் அந்தத் தாள் வீணாயிற்று. இரண்டாவது தாளுக்குக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மருந்துத் தண்ணீரில் முகம் மெல்ல எழும்பி வந்தபோது முதலில் நீதான் வந்தாய். கொஞ்ச நேரம் கழித்துத்தான், காலர் வைத்த அந்தப் பழைய சட்டையைப் பார்த்து, இது என் மகள் என்று எனக்குப் புரிந்தது.

உறையில் வைத்திருக்கிறேன். இது கை வைக்காத பிரதி. அம்மாவிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். எனக்குத் தைரியம் இல்லை.

தாத்தா


மே 10

தாத்தா,

காட்டிவிட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து இரவு வேலை முடித்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேஜையில் வைத்திருந்த படத்தைப் பார்த்து, "இதை எப்ப எடுத்த? யார் சட்டை இது?" என்றாள். "உன் சட்டை" என்றேன்.

கையில் எடுத்துப் பார்த்தாள். கூடத்துப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கை கழுவாமல் அப்படியே நின்றாள். நான் பயந்துபோனேன். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"அடியே, நான் கறுத்துப் போகவே இல்லடி. இப்படியேதான் இருந்திருக்கேன்."

"ஆமாம்மா."

"இத்தனை வருஷமா குடையும் கையுமா அலைஞ்சிருக்கேனே, பைத்தியம் மாதிரி!"

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குல்லாயை அவளே விலக்கினாள், நான் விட்டேன். "உன்னையும் வெயில்ல நிக்காத நிக்காதன்னு..." என்று ஆரம்பித்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல விடு" என்றாள். "ஜன்னல்!" என்றேன். அவளுக்குச் சட்டம் தெரியாது. சொன்னேன். எழுந்துபோய்த் திறந்துவிட்டுத்தான் வந்தாள்.

உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் வரும். காது கேட்காத மாதிரி நடிக்காதீர்கள்.

புதன்கிழமை அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். எல்லோரும் என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "இந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது குறை தெரியுதா?" என்று அக்கா என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். எனக்கு அந்தப் பதில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அடுத்த மாதம் வகுப்புப் படம். இந்தத் தடவை என் முகத்துக்கும் வெளிச்சத்தை அளக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் முதல் கடிதத்தில் லைட் மீட்டர் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை வைத்துத்தான். (அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை.) அறையில் ஒத்திகை பார்த்தோம். சுருட்டைதான் போட்டோக்காரர். "யாரும்மா அது பின்னாடி? வரிசையைக் கலைக்காத!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டேன். நாலு பேரும் சேர்ந்து "ஜன்னல்!" என்று கத்தினார்கள்.

இன்னும் ஒருமுறைகூட முழு வாக்கியத்தையும் சொல்லி முடிக்கவில்லை.


மே 25

அன்புள்ள பேத்திக்கு,

உன் அம்மாவின் போன் வந்தது. நடிக்கவில்லை. அவள் திட்டிய எல்லாம் தெளிவாகக் கேட்டது. கடைசியில், "அப்பா, ஸ்டூடியோல எடுத்த என் படம் எத்தனை இருக்கோ அத்தனையையும் துடைச்சு அனுப்புங்க" என்றாள். அனுப்பிக்கொண்டிருக்கிறேன். குளியலறையை நான் பிடித்துக்கொண்டதால் வேலைக்கு வரும் அம்மாள், "ஐயா, குளிக்கிற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

இந்தக் கடிதம் வேறொரு காரணத்துக்காக. முதல் கடிதத்தின் ஐந்தாவது அம்சத்தைத் திரும்பப் பெறுகிறேன். படத்துக்கு நீ நிற்க வேண்டும் என்று நான் கேட்டது சரியில்லை. அங்கே நிற்கப்போவது நீ, நான் இல்லை. போட்டோக்காரர் ஏதாவது சொல்லிவிட்டால்? எல்லோரும் சிரித்துவிட்டால்? நானும் அந்தத் தொழிலில் இருந்தவன். ஒரு பிள்ளை வரிசையிலிருந்து குரல் கொடுத்தால் நான் எரிச்சல்தான் பட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. அன்றைக்கு வீட்டில் இருப்பதானால் இரு. உன்னைப் பற்றி நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

பயந்தவன் பேச்சு இது, தெரியும். இருந்தாலும் அனுப்புகிறேன்.

தாத்தா


ஜூன் 16

தாத்தா,

வாபஸ் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. போனேன்.

குல்லாய் இல்லாமல் போனேன். அதே கூரை, அதே படிக்கட்டு. உயரமானவர்கள் பின்னால் என்பதால் மறுபடியும் பின்வரிசை ஓரம். இந்த வருடம் வந்தவர் ஒரு இளம் பெண். முன்வரிசைக்குப் போய் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் அந்த மீட்டரை நீட்டினார், பார்த்தார், திரும்பினார். நீங்கள் எழுதியிருந்த அதே மாதிரி. கையைத் தூக்கினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் நிழல்ல நிக்கிறேன். என் முகத்துக்குப் பக்கத்திலயும் வந்து அளந்துட்டு எடுங்க."

முழு வாக்கியம், தாத்தா. சொல்லி முடித்தேன்.

வெள்ளை மைப் பையன் முன்னாலிருந்து, "என்ன, கரண்ட் வந்துடுச்சா?" என்றான்.

"வந்துடுச்சு. பில்லு உங்க வீட்டுக்கு வரும்" என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. ஒத்திகையில் இல்லை. பின்வரிசை முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்தப் போட்டோக்காரப் பெண் படியேறி வந்தார். மீட்டரை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "அட ஆமா. அவ்வளவுதானே?" என்றார். எல்லோரையும் இரண்டு படி இறங்கிக் கூரைக்கு வெளியே நிற்கச் சொன்னார். ஓரத்தில் எப்போதும் இருக்கும் பள்ளி விளக்கை என் பக்கம் திருப்பினார். முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கோபம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. புதன்கிழமை அதைச் சொன்னேன். "கோபம் வரட்டும், அதுக்கும் இடம் இருக்கு" என்றார் அக்கா.

பிரதி அனுப்பியிருக்கிறேன். என்னைக் கண்டுபிடிப்பது சுலபம். கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்குள் எடுத்துவிட்டார். அம்மா பார்த்துவிட்டு, "நல்லா வந்த படத்துல இப்படியா நிப்ப?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்ணைத் திறந்துவிட வேண்டாம். வாயை மூடிவிட வேண்டாம். கை வைத்தால் அப்புறம் பேச மாட்டேன்.

சில்வண்டு


ஜூலை 4

அன்புள்ள சில்வண்டுக்கு,

கை வைக்கவில்லை.

அரித்தது, மறைக்க மாட்டேன். மூடிய கண்ணைத் திறப்பது என் தொழிலில் அரை நாள் வேலை. ஆகவே பென்சில் பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, பூதக்கண்ணாடியை மட்டும் எடுத்து உட்கார்ந்தேன். உன் இடது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. எப்போது விழுந்தாய்? உன்னுடைய ஒவ்வொரு படத்திலும் இருந்திருக்கும். இப்போதுதான் பார்க்கிறேன். வாயைப் பார்த்தால் சத்தமே கேட்கிறது. என் காதுக்கு அது பெரிய விஷயம்.

சுவரில் மாட்டியாயிற்று. பக்கத்தில் உன் அம்மா, துடைத்த படம். பால்காரர் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியா?" என்றார்.

என் முதல் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. நகல் இல்லாமல் நான் எதையும் தபாலில் போடுவதில்லை. நேற்று எடுத்து வாசித்தேன். முதல் இரண்டும் இருக்கட்டும். நான்காவது என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். ஐந்தாவதை நான் கைவிட்டேன், நீ எடுத்துக்கொண்டாய். மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

அவ்வளவுதானே என்று அந்தப் பெண் கேட்டதாக எழுதியிருக்கிறாய். உனக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்குத் தெரியும் என நினைக்கிறேன். இரண்டு படி இறங்கி நிற்பதும் ஒரு விளக்கைத் திருப்புவதும்தான் தேவைப்பட்டது. போன வருடமும் அதே படிக்கட்டு, அதே விளக்கு. எடுத்தவர் பார்க்கவில்லை. படம் வந்ததும் ஆசிரியர்கள் பார்த்தார்கள், ஒரு பிள்ளைக்கு முகமே இல்லை என்று தெரிந்துதான் நடையில் மாட்டினார்கள். மையை எடுத்தவன் ஒருவன், போனில் அனுப்பியவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் நிறுத்த ஓர் இடம் இருந்தது. எனக்கும் இருந்தது, பென்சிலை எடுக்கும் முன்னால். உனக்கு மனம் லேசாகட்டும் என்று எல்லாவற்றையும் நான் வெளிச்சத்தின் தலையில் கட்டினேன். அது என் மனதைத்தான் லேசாக்கியது.

மூன்றாவது அம்சம் தவறு. உன்னிடம் இருக்கும் கடிதத்தில் அதை அடித்துவிடு. என் நகலில் நான் அடித்துவிட்டேன்.

தாத்தா